ஏ.எல். முடிந்து கெம்பஸ் போகும்வரை: ஆங்கிலத்தில் வாசிக்க, எழுத, பேச மலையக மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பரீட்சையின் கடைசிப் பேப்பரை எழுதிவிட்டு வந்த மறுநாளே "சும்மா இருக்காம ஏதாச்சும் இங்கிலிஷ் கிளாசுக்குப் போ" என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். ஹட்டன், பண்டாரவளை, நாவலப்பிட்டி என்று எந்த டவுனில் இறங்கினாலும் மூன்று மாதத்தில் சரளமாகப் பேச வைப்பதாகச் சொல்லும் போஸ்டர் ஒன்று கண்ணில் படும். காசைக் கட்டி, நலம் விசாரிப்பதையும் கடையில் சாமான் கேட்பதையும் மூன்று மாதம் பழகலாம். தப்பில்லை. ஆனால் முதலாம் வருட விரிவுரையில் போய் உட்காரும்போது அதனால் பெரிதாக எதுவும் ஆகாது.

கெம்பஸ் கேட்கும் ஆங்கிலம் வேறு மாதிரி. ஓர் அத்தியாயத்தை ஓரிரு நாளில் வாசித்து முடிக்க வேண்டும். செய்த பரிசோதனைக்கு அறிக்கை எழுத வேண்டும். குழுவாக நின்று பத்து நிமிடம் விளக்க வேண்டும். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் ஆங்கில மொழிமூலம்தான். பதுளையில் 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிப்பு முழுவதுமே ஆங்கிலத்தில். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ கலைப்பீடத்தில் தமிழ்மூலம் படிக்கப் போகிறவர்களும் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். விரிவுரை தமிழில் நடந்தாலும், நூலகத்துக்குப் போனால் தேவையான புத்தகங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பொது ஆங்கிலப் பாடத்தின் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் சேர்வதில்லை. அதனால் இரண்டு வருடமும் அந்தப் பாடவேளையில் வேறு பாடத்தின் பாஸ் பேப்பர் செய்தவர்கள்தான் நம்மில் அதிகம். சரி, அது போகட்டும். பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவும் முடிந்து உள்ளே போகும்போது பெரும்பாலும் பல மாதம், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளியை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

நான் சொல்லப் போவது ஒரே ஒரு முறை. உங்கள் சொந்தப் பாடத்தில் ஒரு பந்தியை எடுத்து வாசிப்பது, அதைப் பற்றி எழுதுவது, எழுதியதைப் பேசுவது. ஒரு பந்தி, மூன்று வேலை. வாசிப்புக்கு ஒரு புத்தகம், இலக்கணத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒரு கிளாஸ் என்று பிரித்துக்கொண்டால் சொற்கள் ஒன்றோடொன்று சேராமலே போய்விடும்.

முதல் படி: எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள்

ஓ.எல். ஆங்கிலத்தில் என்ன எடுத்தோம் என்பதை மறந்துவிடுங்கள். ஒரு ஆங்கிலப் பக்கத்தில் தொடர்ந்து நூறு சொல்லை எண்ணி, தெரியாத சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். இரண்டு கோடுக்குள் வந்தால் அது அகராதி இல்லாமல் வாசிக்கக்கூடிய பக்கம். துணை இல்லாமல் ஒரு பகுதியை விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் 98 வீதம் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. ஐந்து கோடு வந்தால் அகராதியோடு வாசிக்கலாம். பத்தைத் தாண்டினால் மூடி வைத்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்துத் திறக்கலாம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டாம் ஆண்டு ஆங்கிலப் புத்தகம்தான் கைக்கு எட்டுகிறது என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். அரசாங்கப் பாடநூல்கள் எல்லாம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாம் படி: இரட்டைப் பிரதிகளைச் சேருங்கள்

தமிழ்மூலம் படித்த உங்களிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. பாடம் ஏற்கெனவே தெரியும். ஒளித்தொகுப்பு எப்படி நடக்கிறது, கேள்வி வளைகோடு ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது என்று நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். புதிதாகத் தெரிய வேண்டியது மொழி மட்டும். ஆகவே ஏற்கெனவே தமிழில் படித்ததையே ஆங்கிலத்தில் தேடி எடுங்கள்.

உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள் மூன்று மொழியிலும் உண்டு. நீங்கள் தமிழில் செய்து பார்த்த அதே வருடத்துப் பேப்பரை ஆங்கில மொழிமூலத்தில் எடுத்து, பல்தேர்வு வினாக்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். விடை தெரிந்திருப்பதால் சொல் தானாகவே பிடிபடும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் அப்படித்தான், ஒரே உள்ளடக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தேடலாம்.

பாடத்துக்கு வெளியே என்றால் நம் மலைநாட்டுக்கே உரிய ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கை. மும்மொழியிலும் வரும், சின்னது, தெளிவானது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டம். கடந்த 24 மணித்தியாலத்தில் மழை இத்தனை மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தால், மழை தொடர்ந்தால், இன்ன செய்யுங்கள் என்ற மாதிரி அமைந்திருக்கும் அந்த வாக்கியங்களில் 'இஃப்', 'எக்ஸீட்', 'கன்டினியூ' எல்லாம் இருக்கும். விஞ்ஞானப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும் சொற்கள் இவை. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு இந்த அறிவித்தலைச் சும்மா தாண்டிப் போகிறவர்கள் நம் பக்கம் குறைவு. அதனால் அதை வாசிக்க வைக்க யாரும் உந்த வேண்டியதில்லை.

தோட்டத்தில் சிக்னல் விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோவில் திருப்பத்தில் நின்றால் இரண்டு கோடு, காம்பராவுக்குள் ஒன்றும் இல்லை. ஆகவே டவுனுக்குப் போகும் நாளில் வாரத்துக்கு வேண்டிய பிடிஎஃப், ஓடியோ, வீடியோ எல்லாவற்றையும் போனில் இறக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சிக்னல் தேடி நிற்பதில்தான் பாதி நேரம் கரைகிறது.

மூன்றாம் படி: வாசிப்பு

எனக்குக் கேட்டால் முழு முயற்சியில் பாதி இங்கேதான் போக வேண்டும். வாசிக்காதவருக்கு எழுத ஒன்றும் இருக்காது, பேசவும் ஒன்றும் இருக்காது.

நம் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தில் தடுக்கி விழும் இடம் சொல் தெரியாததால் மட்டும் வருவதில்லை. எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் விளங்காமல் போகும். காரணம் இதுதான். தமிழில் ஒரு பெயரை விவரிப்பது அனேகமாக எல்லாமே அந்தப் பெயருக்கு முன்னால் வந்துவிடும், வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நீண்ட விவரிப்பெல்லாம் பெயருக்குப் பின்னால் தொங்கும், வினை எங்கோ நடுவில் இருக்கும். ஓர் உதாரணம் பாருங்கள்:

"த டீ புஷஸ் குரோவிங் அண்டர் த ஷேட் ட்ரீஸ் ஒன் தி அப்பர் ஸ்லோப் வெயா ப்ரூன்ட் இன் ஜூன்."

தமிழில் சொன்னால், மேல் சரிவில் நிழல் மரங்களுக்குக் கீழே வளரும் தேயிலைச் செடிகள் ஜூன் மாதம் கவ்வாத்து செய்யப்பட்டன. ஆங்கிலத்தில் 'டீ புஷஸ்' என்ற பெயர் முதலிலேயே வந்துவிட்டது. அதன் வினை 'வெயா ப்ரூன்ட்'. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்பது சொல்லும் எந்தச் செடி என்று சொல்ல வந்தவை. இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கிக்கொண்டே போனால் 'ஸ்லோப்' வரும்போது தலை சுற்றும். அதற்குப் பதிலாக முதலில் பிரதான வினையைத் தேடி வட்டம் போடுங்கள். அப்புறம் அதன் எழுவாய்க்குக் கீழே கோடு. நடுவில் உள்ளதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பென்சிலால் ஒரு மாதம் இப்படிச் செய்தால் பிறகு கண்ணே செய்துகொள்ளும்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும், ஆனால் மூன்று தடவை. முதல் தடவை அகராதியைத் தொடாமல் கடைசிவரை. இரண்டாம் தடவை வினை, எழுவாய் குறித்து, விளங்காமல் வழியை மறிக்கும் சொற்களை மட்டும் பார்த்து. தெரியாத எல்லாச் சொல்லையும் பார்க்காதீர்கள், அந்தப் பழக்கம் வாசிப்பைக் கொன்றுவிடும். மூன்றாம் தடவை வாய்விட்டு. புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்தது என்ன என்று தமிழிலேயே இரண்டு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம்.

வார இறுதியில் ஏதாவது ஓர் ஆங்கிலப் பத்திரிகை. சண்டே டைம்ஸ், சண்டே ஒப்சர்வர் எதுவானாலும் சரி. பிரதேச சபை நூலகத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். முதலில் வீரகேசரியிலோ தினகரனிலோ ஒரு செய்தியை வாசித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கிலத்தில் தேடுங்கள். ஆசிரியர் தலையங்கம் இப்போது வேண்டாம். அதில் நையாண்டியும் சுற்றி வளைப்பும் அதிகம், ஆரம்பத்தில் மனம் சோர்ந்துவிடும்.

நான்காம் படி: சொற்கள்

பாடத்துக்கே உரிய கலைச்சொற்கள் எப்படியும் வந்துவிடும், விரிவுரையாளரே விளக்குவார். யாரும் விளக்காத சொற்கள் வேறு: 'சிக்னிஃபிகன்ட்', 'அஸ்யூம்', 'வேரி', 'இண்டிகேட்', 'ஃபெக்டர்'. மருத்துவமோ பொருளியலோ எல்லாப் பாடத்திலும் இவை வரும். நியூசிலாந்தின் எவரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட 570 சொற்குடும்பங்களைத் தொகுத்து வெளியிட்டார். 'எகடெமிக் வேர்ட் லிஸ்ட்' என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். நாளைக்கு ஐந்து என்று எடுத்தாலும் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

கொப்பியில் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் வாசித்த பக்கத்தில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். போன் இருந்தால் ஆன்கி என்ற செயலி நல்லது. மறக்கப் போகும் நேரம் பார்த்து அதே சொல்லைத் திரும்பக் கேட்கும், ஆண்ட்ரொய்டில் காசில்லை, சிக்னலும் தேவையில்லை.

ஐந்தாம் படி: எழுத்து

'எனது பாடசாலை', 'எனது பொழுதுபோக்கு' என்று கட்டுரை எழுதியது போதும். கெம்பஸில் எழுத வேண்டியவை மூன்று, நான்கு வகைதான். ஒரு செயன்முறையை விவரிப்பது, காரணமும் விளைவும் சொல்வது, இரண்டை ஒப்பிடுவது, எண்களை வாக்கியமாக்குவது. இவற்றுக்கு விஷயம் தேடி எங்கும் போக வேண்டாம், வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

விஞ்ஞானம், தொழினுட்பம் படித்தவர்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நடப்பதை எழுதுங்கள். கொழுந்தைப் பரப்பி வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், நிறம் மாறும்வரை விடுகிறார்கள், உலர்த்துகிறார்கள், சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் விதரிங், ரோலிங், ஒக்சிடேஷன், ட்ரையிங், சிஃப்டிங். ஸ்டோரில் மூன்றாவதை ஃபெர்மென்டேஷன் என்றே சொல்வார்கள், பரவாயில்லை. இங்கே யார் செய்தார்கள் என்பது முக்கியமில்லை, என்ன செய்யப்பட்டது என்பதுதான் முக்கியம். அதனால் "தே விதர் த லீவ்ஸ்" என்று எழுதாமல் "த லீவ்ஸ் ஆர் விதர்ட்" என்று எழுத வேண்டும். ஆய்வுகூட அறிக்கையில் "த சொலியூஷன் வோஸ் ஹீட்டட்" என்று எழுதப் போவதும் இதே அமைப்புத்தான், காலம் மட்டும் மாறும். பிறகு எண்ணைச் சேருங்கள். நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோ தேயிலைத்தூள்தான் வரும். மீதி எங்கே போனது? பெரும்பகுதி நீர். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள், 'பிகோஸ்', 'தெயாஃபோர்' எல்லாம் தானாக வந்து நிற்கும்.

வணிகப் பிரிவினர் அம்மாவின் சம்பளச் சீட்டை எடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், தொழில் வழங்குநரிடமிருந்து 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு வழங்குநரிடமிருந்து 3 வீதம். இதை யாருக்கும் விளங்கும்படி ஒரு பந்தியாக்குவது நல்ல பயிற்சி. கலைப் பிரிவினருக்கு, மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இருக்கிறது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, 1,50,000 பேரின் நிலை பிறகு பார்ப்பதாக விடப்பட்டது. காரணம், முடிவு, விளைவு என்று எழுத இதைவிடப் பொருத்தமான விஷயம் நமக்கு வேறு எது?

ஒரு பந்திக்கு ஐந்திலிருந்து எட்டு வாக்கியம். முதல் வாக்கியத்தில் சொல்ல வருவதை நேரே சொல்லிவிடுங்கள். தமிழ்க் கட்டுரையில் முகவுரை பாடி வளைந்து வந்து விஷயத்தைத் தொடுவோம், அழகாகத்தான் இருக்கும். ஆங்கிலப் பாட எழுத்தில் அதற்கு மதிப்பெண் குறையும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். 'எ', 'த' எங்கே போடுவது என்று நம்மவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் சந்தேகம் வரும். தமிழில் அப்படி ஒன்று இல்லையே. அதற்காக எழுதுவதை நிறுத்தாதீர்கள். வினையின் காலமும் ஒருமை பன்மையும் சரியாக இருந்தால் மீதியைப் பொறுத்துக்கொள்வார்கள்.

திருத்த ஆள் வேண்டும். பழைய ஆங்கில மிஸ், கெம்பஸில் இருக்கும் பக்கத்து டிவிசன் அக்கா, யாராக இருந்தாலும் வாரம் ஒரு பந்தியைத் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பந்தி என்றால் மறுக்க மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இப்போது போனிலேயே இருக்கின்றன. அவற்றிடம் எழுதித் தரச் சொல்லாமல், எழுதியதைக் கொடுத்து 'பிழைகளை மட்டும் காட்டு, காரணம் சொல்' என்று கேளுங்கள். திருத்தியதைப் பார்த்துவிட்டு மூடி வைத்து, மறுநாள் அதே பந்தியைப் பாராமல் எழுத வேண்டும். மறுநாள் எழுதுவதில்தான் கை பழகுகிறது.

இன்னொன்று. புத்தகத்து வாக்கியத்தை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பழக்கத்தை இப்போதே விடுங்கள். பாடசாலையில் அது நல்ல ஞாபகசக்தி, கெம்பஸில் அது திருட்டு. வாசித்து, மூடி, உங்கள் சொல்லில் எழுதி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

ஆறாம் படி: கேட்பது

விரிவுரை காதால்தான் வரும். வாசித்த பாடத்தையே யாராவது விளக்கும் வீடியோவைத் தேடுங்கள், கான் அகடமி நல்ல இடம். முதலில் எழுத்து வரியோடு, பிறகு வரியை மறைத்து. பத்து நிமிடம் போதும். கொப்பிப் பக்கத்தில் இடது ஓரத்தில் சிறு பகுதியை விட்டு, வலப்பக்கம் குறிப்பெடுங்கள். முழு வாக்கியம் வேண்டாம், முக்கியச் சொல்லும் அம்புக்குறியும் போதும். முடிந்ததும் இடது ஓரத்தில் கேள்விகளை எழுதுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து குறிப்பெடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். தாராளமாக எடுங்கள், அது உங்கள் கொப்பி.

ஏழாம் படி: பேச்சு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்குள் உங்களிடம் பேசுவதற்கு விஷயம் சேர்ந்திருக்கும். வாரத்தில் எழுதித் திருத்திய பந்தியை எடுத்து, பாராமல் இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்பது முதல் தடவை கொடுமையாக இருக்கும். எங்கே திக்கியது, எங்கே 'ஆ... ஊ...' வந்தது என்று குறித்து மறுபடி பதிவு செய்யுங்கள்.

உச்சரிப்பில் வெள்ளைக்காரரைப் போலப் பேச முயல வேண்டாம். விளங்கினால் போதும். விளங்குவதற்கு முக்கியம் அழுத்தம் விழும் இடம். 'அனலைஸ்' என்பதில் முதல் அசையில் அழுத்தம், 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாவதில். நாம் எல்லா அசையையும் ஒரே அளவில் சொல்லிக்கொண்டு போவோம், கேட்பவருக்குச் சொல் பிரிபடாது. அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்டு, அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கொப்பியில் கோடு போடுங்கள். அப்புறம் 'புக்கு', 'டெஸ்ட்டு' என்று சொல்லின் வாலில் வரும் உகரத்தையும், 'இஸ்கூல்' என்று தலையில் வரும் இகரத்தையும் கழற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

எல்ல டவுனிலும் நுவரெலியாவிலும் வெளிநாட்டுக்காரர் நிறைய, அவர்களோடு பேசிப் பழகு என்று சொல்வார்கள். கூச்சம் போகும், அது நிஜம். ஆனால் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வழி எது, ரயில் எத்தனை மணிக்கு என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு பெரும்பாலும் போகாது. அதைவிட உங்களைப் போலவே காத்திருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஞாயிறு பின்னேரம் ஆளுக்கு ஒரு விஷயத்தை ஐந்து நிமிடம் விளக்கி, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பதும் பழக வேண்டிய ஒன்றுதான். "குட் யூ எக்ஸ்ப்ளெயின் தட் அகெய்ன், சேர்?", "டஸ் தட் மீன்...?" என்ற இரண்டையும் நாக்கில் ஏற்றி வையுங்கள். ஒரு நிபந்தனை: பேசும்போது யாரும் இடையில் திருத்தக் கூடாது, சிரிக்கவும் கூடாது. முடிந்த பிறகு திருத்தலாம்.

நேரமும் காசும்

இடைவெளிக் காலத்தில் நம்மில் பலர் கடையில் நிற்பார்கள், பின்னேரம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுப்பார்கள், கொழும்பில் வேலைக்கும் போய்விடுவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். காலையில் முக்கால் மணி வாசிப்பு, இரவு முக்கால் மணி எழுத்தோ கேட்பதோ. கிழமை நாட்களில் ஒன்று இரண்டு தவறினால் தலை போகாது. ஞாயிறு சந்திப்பைத் தவறவிடாதீர்கள், ஆள் சேராத வாரத்தில்தான் எல்லாமே கழன்று போகிறது.

கிளாசுக்குக் காசு கட்டுவதானால், போய் ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை பந்தி திருத்தித் தருவீர்கள்? பதில் இழுத்தால் வந்துவிடுங்கள். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு உரியது. அந்தப் பெறுபேறு பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லுபடியாகும், கட்டணமும் பெரியது. உள்ளூர் அரச பல்கலைக்கழகம் போகிறவருக்கு அது இப்போது தேவையில்லை.

உள்ளே போனதும் பல பீடங்களில் ஆங்கிலத் தீவிரப் பயிற்சி ஒன்று நடக்கும், அதற்கு முன் தரம் பார்க்க ஒரு பரீட்சை வைப்பதும் உண்டு. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதி மேல் வகுப்புக்குப் போய்விடாதீர்கள். கீழ் வகுப்பில் ஆள் குறைவாக இருந்தால் எழுதியதைத் திருத்தித் தர விரிவுரையாளருக்கு நேரம் இருக்கும். முதல் வாரத்திலேயே உங்கள் திருத்தக் கொப்பியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள். எங்கே இடறுகிறது என்று அவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.